தனி மாணவனுக்கு மதிப்பெண்



நாற்பது மாணவர்கள் பயிலும் வகுப்பில் ஒருவன் எவ்வளவு கற்றிருக்கிறான் என்பதை அறிவது ஆசிரியருக்கு அரிய செயலன்று. தேர்வு நடத்தி, விடைத்தாள்களைத் திருத்தி, மதிப்பெண்களை வரிசைப்படுத்தினால் போதும். வினாத்தாள் சற்றுக் கடினமாக அமைந்துவிட்டாலும் கேடில்லை. எல்லோருக்கும் அது ஒரே அளவிற்குக் கடினம். ஆனால், வகுப்பில் ஒரே ஒரு மாணவன்தான் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் 60 மதிப்பெண் பெறுகிறான். அது நல்ல மதிப்பெண்ணா? அவன் முழு முயற்சியுடன் படித்துப் பெற்றதா, அல்லது பாதி முயற்சியில் பெற்றதா? ஒப்பிட்டுப் பார்க்க அருகில் வேறு எவரும் இல்லை. வினாத்தாள் கடினம் என்று அவன் சொன்னால் அதை மறுக்கவும் வழியில்லை.

இந்தச் சங்கடம் பள்ளிக்கூடத்தில் அருமையாகவே நேரும். மின்சாரத் துறையிலோ இது நாள்தோறும் நிற்கும் கேள்வி. மின்சாரத்தை உற்பத்தி நிலையங்களிலிருந்து ஊர்களுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் மின் தொடரமைப்புக் கழகங்களின் செயல்திறனை எவ்வாறு அளப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். மின்பொறியியலில் எனக்குப் பயிற்சி இல்லை. எனினும் பிறருடைய உழைப்பிற்கு மதிப்பெண் இடுவதே என் தொழிலாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தபடியால், இக்கேள்வி என்னை விடாமல் பற்றிக்கொண்டது.

முதலில், மின் தொடரமைப்பு என்பது யாது எனக் காண்போம். மின்சாரம் நம் வீட்டை அடைவதற்கு மூன்று படிகள் உண்டு. உற்பத்தி முதற்படி, வீடு வீடாகப் பகிர்ந்தளிப்பது கடைசிப்படி. இவ்விரண்டிற்கும் இடையே, வயல்களையும் மலைகளையும் கடந்து வரிசையாக நிற்கும் உயர்ந்த இரும்புக் கோபுரங்கள் இருக்கின்றனவே, அவையே நடுப்படி. அக்கம்பிகளில் 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட், 765 கிலோவோல்ட் என்னும் மிக உயர்ந்த அழுத்தத்தில் மின்சாரம் செல்கிறது. அவ்வளவு அழுத்தம் எதற்கு? அழுத்தத்தை இரு மடங்காக்கினால், அதே மின்திறனைக் கொண்டுசெல்லத் தேவைப்படும் மின்னோட்டம் பாதியாகிறது. அதே கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரமோ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. தொலைவு மிகுந்தால் அழுத்தமும் மிக வேண்டும் என்பது இதனால்தான். சத்தீசுகர் மாநிலத்து ராய்கரிலிருந்து நம் மாநிலத்துப் புகளூருக்கு வரும் நேர்திசை மின்பாதை 800 கிலோவோல்ட் அழுத்தத்தில் இயங்குகிறது. அதன் நீளம் ஏறக்குறைய 1,765 கிலோமீட்டர். அது தாங்கவல்ல மின்திறன் 6,000 மெகாவாட்.

இத்தகைய பாதையை ஒரே வழியில் இரண்டு கம்பெனிகள் போட்டிக்கு அமைத்தால் என்னாகும்? நிலமும் இரும்பும் இரட்டிப்பாகச் செலவாகும், பயன் இரட்டிப்பாகாது. ஆகவேதான் பெரும்பாலான நாடுகளில் இத்தொழில் ஒரு பகுதிக்கு ஒரு நிறுவனம் என்ற முறையில் தனியுரிமையாக நடைபெறுகிறது. நம் நாட்டில் மாநிலங்களுக்கு இடைப்பட்ட பாதைகளைப் பெரும்பாலும் நடத்துவது 1989-இல் நிறுவப்பெற்ற பவர்கிரிட் என்னும் மைய அரசு நிறுவனம். தமிழ்நாட்டிற்குள் அப்பணியைச் செய்வது, 2010 நவம்பர் முதல் நாள் பழைய மின்சார வாரியம் பிரிக்கப்பட்டபோது பணியேற்ற தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகம். அரிசிக் கடைக்காரர் விலையை ஏற்றினால் அடுத்த கடைக்குப் போகலாம். மின்கோபுரத்திற்கு அடுத்த கோபுரம் கிடையாது.

எனவே, கடைவீதி செய்யும் வேலையை ஒரு நடுவர் செய்ய வேண்டியதாகிறது. அந்நடுவரே ஒழுங்குமுறை ஆணையம். இந்தியாவில் மைய ஆணையம் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. மாநிலங்களுக்கும் தனித்தனி ஆணையங்கள் உண்டு. மின் தொடரமைப்பு நிறுவனம் ஆண்டொன்றுக்கு எவ்வளவு வருவாய் பெறலாம் என்பதை இவ்வாணையங்களே விதிக்கின்றன. அத்தொகை பகிர்மான நிறுவனத்தின் செலவில் சேர்ந்து, முடிவில் நம் மின்கட்டணத்திற்குள் கலந்து வருகிறது. அது தனி வரியாக நம் கண்ணிற் படுவதில்லை. கண்ணிற் படாத செலவைக் கவனிப்பார் குறைவு அன்றோ?

நடுவர் எவ்வாறு வருவாயை விதிப்பது? மிகப் பழைய வழி ஒன்று உண்டு. நிறுவனம் தன் செலவுக் கணக்கைக் காட்டும். நடுவர் அதைச் சரிபார்த்து, போட்ட முதலுக்கு நியாயமான ஆதாயத்தையும் சேர்த்து, இவ்வளவு பெற்றுக்கொள்க என்பார். பார்வைக்கு இதில் குறையில்லை. ஆயின், செலவு முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று அறிந்தவனுக்குச் சிக்கனம் எதற்கு? 1962-ஆம் ஆண்டில் ஆவெர்ச், ஜான்சன் என்னும் இரு அமெரிக்கப் பொருளியலறிஞர்கள் இதில் இன்னொரு குறையையும் எடுத்துக்காட்டினார்கள். முதலீட்டின் மீது நூற்றுக்கு இத்தனை என்று ஆதாயம் உறுதியானால், தேவைக்கு மேலும் முதலீடு செய்ய நிறுவனத்திற்கு ஆசை பிறக்கும். பழைய மின்மாற்றியைப் பழுது பார்த்து ஓட்டுவதைவிடப் புதியதை வாங்குவது அதற்கு இலாபம். மருத்துவருக்கு அவர் எழுதும் மருந்தின் விலைக்கேற்பக் கூலி கொடுத்தால் மருந்துச்சீட்டு நீள்வதைப் போன்றது இது.

இக்குறையைத் தீர்க்க வேறொரு வழியை வகுத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் லிட்டில்சைல்ட். 1983-இல் அந்நாட்டுத் தொலைபேசித் துறைக்காக அவர் எழுதிய அறிக்கையில் எளிய சூத்திரம் ஒன்றைக் கூறினார். விலைவாசி உயரும் அளவிற்குக் கட்டணத்தை உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் அதிலிருந்து ஆண்டுதோறும் ஒரு சிறு பங்கைக் கழித்துவிட வேண்டும். அந்தக் கழிவு, நிறுவனம் தன் திறனைக் கூட்டிச் சேமிக்க வேண்டிய பங்கு. விதித்ததைவிட மிகுதியாகச் சேமித்தால், அடுத்த தவணை வரையில் அம்மிச்சம் நிறுவனத்திற்கே. 1990-இல் பிரிட்டனின் மின்துறை தனியாரிடம் சென்றபோது இம்முறை மின்பாதைகளுக்கும் வந்தது. அத்துறையின் முதல் ஒழுங்குமுறைத் தலைவராக அமர்ந்தவரும் லிட்டில்சைல்டே. 2013-இல் அந்நாட்டு ஆணையம் இம்முறையை மாற்றி, சிக்கனத்தோடு நிறுவனம் மக்களுக்கு ஆற்றிய பணியின் பயனையும் சேர்த்து எடைபோடும் புதிய முறையை எட்டாண்டுத் தவணைக்கு ஏற்படுத்தியது. எட்டாண்டு நீளமாகப் பட்டதால், 2021-இல் தொடங்கிய அடுத்த தவணை ஐந்தாண்டாகக் குறைக்கப்பட்டது.

இவ்விடத்தில்தான் நம் கேள்வி மீண்டும் தலைநீட்டுகிறது. அந்தக் கழிவு எவ்வளவு இருக்க வேண்டும்? நூற்றுக்கு ஒன்றா, மூன்றா, ஐந்தா? குறைவாக வைத்தால் மக்கள் வீணாகப் பணம் கொடுப்பர். மிகுதியாக வைத்தால் நிறுவனம் பழுதுபார்க்கும் வேலையைக் குறைக்கும், கோபுரம் துருப்பிடிக்கும். சரியான அளவை அறிய, நிறுவனம் இப்போது எத்துணைத் திறனுடன் இயங்குகிறது என்பதை அளந்தே தீர வேண்டும்.

அளக்கும் கலைக்கு அடிப்படையிட்டவர் ஃபாரல் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர். 1957-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: சராசரியோடு ஒப்பிடாதே, சிறந்தவர்களோடு ஒப்பிடு. செயலிற் சிறந்தவர்களை ஒரு கோட்டால் இணைத்தால் ஓர் எல்லை கிடைக்கும். மற்றவர் அவ்வெல்லையிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கின்றனரோ, அதுவே அவர்களுடைய குறை.

இக்கருத்தைக் கணக்குமுறையாக வளர்த்து 1978-இல் வெளியிட்டவர்கள் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்னும் மூவர். இதைப் படித்தபோது எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. அவர்கள் இம்முறையை முதன்முதலில் எதற்காக உருவாக்கினார்கள் தெரியுமா? மின்சாரத்திற்கன்று, பள்ளிக்கூடங்களுக்கு. அமெரிக்காவில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கென அரசு நடத்திய ஒரு கல்வித் திட்டம் பயன் தந்ததா என்பதை ஆராய, 70 பள்ளிகளின் விவரங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஆசிரியர்களின் எண்ணிக்கை, தாயின் படிப்பு, பெற்றோர் பள்ளிக்கு வந்துபோகும் அளவு போன்றவற்றை ஒருபுறம் வைத்தார்கள். மறுபுறம் வாசிப்புத் திறன், கணக்குத் திறன் ஆகியவற்றோடு மூன்றாவதாகப் பிள்ளையின் தன்மதிப்பையும் வைத்தார்கள். எழுத்தறியாத தாயின் பிள்ளை 50 மதிப்பெண் வாங்குவதும், பட்டம் பெற்ற தாயின் பிள்ளை 50 வாங்குவதும் ஒன்றாகா என்பதை அக்கணக்கு ஒப்புக்கொண்டது. கிராமத்துப் பள்ளிகளில் பணியாற்றிய எவருக்கும் இது நெஞ்சிற்கு உகந்த செய்தி.

இம்முறையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். மூன்று மின் தொடரமைப்பு நிறுவனங்கள் ஆண்டுக்கு ஆளுக்கு 100 கோடி ரூபாய் செலவிடுகின்றன. முதல் நிறுவனம் 1,000 கிலோமீட்டர் மின்பாதையையும் 10 துணைமின் நிலையங்களையும் பராமரிக்கிறது. இரண்டாவது, 400 கிலோமீட்டரையும் 30 நிலையங்களையும் பராமரிக்கிறது. மூன்றாவது, 560 கிலோமீட்டரையும் 16 நிலையங்களையும் பராமரிக்கிறது. மின்பாதையில் சிறந்தது முதலாவது. நிலையங்களிற் சிறந்தது இரண்டாவது. மூன்றாவதை என் செய்வது? முதலாவதில் பாதியையும் இரண்டாவதில் பாதியையும் சேர்த்துப் பாருங்கள். அதே 100 கோடிக்கு 700 கிலோமீட்டரும் 20 நிலையங்களும் கிடைக்கின்றன. மூன்றாவது நிறுவனம் செய்வதோ இவை ஒவ்வொன்றிலும் சரியாக ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே அதன் மதிப்பெண் 80. அது செய்யும் வேலையை 80 கோடியில் செய்திருக்கலாம் என்பது கணக்கின் தீர்ப்பு.

எவ்வளவு தெளிவாக இருக்கிறது! ஆயின், இத்தெளிவே நம்மை எச்சரிக்கை கொள்ளச் செய்ய வேண்டும். ஐரோப்பாவின் அனுபவத்தைப் பார்ப்போம்.

செருமனியில் 2009 முதல் மின்பாதை நிறுவனங்களின் வருவாய்க்கு இத்தகைய உச்சவரம்பு உண்டு. ஊர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் நிறுவனங்கள் அங்கே நூற்றுக்கணக்கில் இருப்பதால், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவது இயலும். அவற்றிலும் ஒரே முறையை நம்பாமல் வெவ்வேறு முறைகளிற் கணக்கிட்டு, எது நிறுவனத்திற்கு மிகச் சாதகமோ அதையே மதிப்பெண்ணாகக் கொள்கின்றனர். 60-க்குக் கீழே எவருக்கும் மதிப்பெண் இடுவதில்லை. ஐயத்தின் பயனை மாணவனுக்கே அளிக்கும் நல்லாசிரியரின் போக்கு இது. உயரழுத்தப் பாதைகளை நடத்தும் நிறுவனங்களோ அந்நாட்டில் நான்கே நான்கு. நான்கு பேரைக்கொண்டு எல்லைக்கோடு வரைய இயலாது. ஆகவே ஐரோப்பிய நாடுகளின் ஆணையங்கள் ஒன்றுகூடி, பல நாட்டு நிறுவனங்களை ஒரே வகுப்பில் அமர்த்தின. 2013-இல் வெளிவந்த அத்தகைய ஓர் ஆய்வில் 21 நிறுவனங்கள் இடம்பெற்றன.

நாடுகள் வெவ்வேறாக இருக்கையில், எதை வைத்து ஒப்பிடுவது? அவ்வாய்வினர் நிறுவனத்தின் மொத்தச் செலவை ஒருபுறம் வைத்து, மறுபுறம் மூன்று பொருள்களை வைத்தார்கள். முதலாவது, பாதைகளும் மின்மாற்றிகளும் பிறவும் ஒரே அளவுகோலில் கணக்கிடப்பட்ட மொத்தச் சொத்து. இரண்டாவது, மக்கள் நெருங்கி வாழும் நிலப்பரப்பு. நெருக்கடியான ஊருக்குள் பாதை அமைப்பது செலவு மிகுந்தது. மூன்றாவதே என்னைக் கவர்ந்தது. அது கோணக் கோபுரங்களின் அளவு. மின்பாதை நேராகச் செல்லும்போது கோபுரம் கம்பியைத் தாங்கினால் போதும். பாதை திரும்பும் இடத்தில் கம்பிகள் கோபுரத்தை ஒரு பக்கமாக இழுக்கும். அங்கே கனத்த இரும்பும் ஆழ்ந்த அடித்தளமும் வேண்டும். மலையையும் ஊரையும் சுற்றிச் செல்லும் பாதையில் இத்தகைய கோபுரங்கள் மிகுதி; சமவெளியில் குறைவு. ஒரு நிறுவனம் நடந்த வழி எத்துணைக் கரடுமுரடானது என்பதற்கு இக்கோபுரங்களே சான்று. மாணவனுடைய வீட்டுச் சூழ்நிலையைக் கணக்கிற் சேர்ப்பது போன்ற செயல் இது.

இத்தனை கவனத்திற்குப் பிறகும் குறைகள் தீர்ந்தபாடில்லை. அவற்றுள் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வயதுக் கோளாறு. நாற்பதாண்டுப் பழைய மின்பாதையின் விலை, கணக்கேட்டில் தேய்ந்து தேய்ந்து ஏறக்குறைய இல்லாமற் போயிருக்கும். அதை வைத்திருக்கும் நிறுவனம் செலவில் குறைந்ததாகத் தோன்றும். நேற்றுப் புதிய பாதை அமைத்தவன் ஊதாரியாகத் தோன்றுவான். உண்மையிலோ பழையதை மாற்றாமல் காலந்தள்ளியவனுக்கே நாளை பெருஞ்செலவு காத்திருக்கிறது.

இரண்டாவது, கைக்கு எட்டாத காரணங்கள். பாதையில் வீணாகும் மின்சாரத்தைக்கொண்டு திறனை அளக்கலாமே என்று தோன்றும். நம் நாட்டில் மாநிலங்களுக்கு இடைப்பட்ட வலையமைப்பில் அவ்விழப்பு நூற்றுக்கு மூன்று, நான்கு அளவில் இருக்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் முப்பந்தல், திருநெல்வேலிப் பக்கத்துக் காற்றாலைகள் சுழலும்போது, அம்மின்சாரம் வடக்கே நெடுந்தொலைவு செல்ல வேண்டும். பாதையில் ஓட்டம் மிகும், இழப்பும் மிகும். காற்று வீசியது தொடரமைப்புக் கழகத்தின் குற்றமாகுமா?

மூன்றாவது, வகுப்பின் சிறுமை. மாணவர் சிலராகவும் பாடங்கள் பலவாகவும் இருந்தால், ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பாடத்தில் முதல்வர் ஆகிவிடுவர். நாலு பேருக்கு நாலு பரிசு வழங்கிய ஆண்டுவிழாவாக முடியும். பாடங்களைக் குறைத்தாலோ, ஒருவருக்கு அநீதி இழைத்தவராவோம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இங்கே மைய ஆணையம், பாதையின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் துணைமின் நிலையத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பராமரிப்புச் செலவு இவ்வளவு என்று முன்கூட்டியே விதிக்கிறது. பழைய ஆண்டுகளின் மெய்ச்செலவைப் பார்த்து விதிப்பதால், மாணவனுடைய சென்ற ஆண்டு மதிப்பெண்ணே இவ்வாண்டின் அளவுகோலாகிறது. முதலீட்டில் பத்துக்கு மூன்று பங்கு சொந்த முதல் எனக் கொண்டு, அதற்கு 2019 முதல் 2024 வரையிலான தவணையில் ஆண்டுக்கு 15.5 விழுக்காடு ஆதாயம் அனுமதிக்கப்பட்டது. 2011 முதல் புதிய பாதைகள் பெரும்பாலும் ஏலப் போட்டிக்கு விடப்படுகின்றன. மிகக் குறைந்த கட்டணம் கேட்பவருக்கு 35 ஆண்டு ஒப்பந்தம் கிடைக்கிறது. பாதையில் போட்டி இயலாவிடினும், பாதையைப் பெறுவதிலேனும் போட்டி வந்தது நன்மையே.

செலவு ஒருபுறம் இருக்க, பணியின் தரத்தை இங்கே எதைக்கொண்டு அளக்கின்றனர்? பாதை ஆண்டில் எத்தனை மணிநேரம் பயன்படத்தக்க நிலையில் இருந்தது என்பதைக்கொண்டு அளக்கின்றனர். மேற்சொன்ன தவணையின் விதிப்படி, மாறுதிசை மின்பாதைகள் 98 விழுக்காடு நேரம் ஆயத்தமாக இருந்தால் கட்டணம் முழுதும் கிடைக்கும். 98.5-ஐத் தாண்டினால் ஊக்கத்தொகை உண்டு. 99.75-க்கு மேல் மேலும் ஊக்கம் இல்லை. ஆண்டின் 8,760 மணிநேரத்தில் 98 விழுக்காடு என்றால், ஏறக்குறைய 175 மணிநேரம் நின்றிருக்கலாம், 99.75 என்றால் 22 மணிநேரமே நிற்கலாம். மேலெல்லை ஒன்றை வைத்தது அறிவுடைமை. பாதையை நிறுத்தினால்தான் பழுது பார்க்க இயலும். ஒரு மணிநேரமும் நிறுத்தாதே என்று பரிசைக் காட்டினால், பழுது பார்ப்பதையே விட்டுவிடத் தோன்றும் அல்லவா?

ஆயினும், எல்லா மணிநேரமும் ஒரே விலையுடையவை அல்ல. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களை நினைவு கூர்வோம். இரண்டாம் நாளன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு வலையமைப்புகள் மூன்றும் வீழ்ந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன, இரயில்கள் நின்றன, சுரங்கங்களில் தொழிலாளர் சிக்கிக்கொண்டனர். வீழ்ச்சி தொடங்கிய இடம் பீனாவிற்கும் குவாலியருக்கும் இடைப்பட்ட 400 கிலோவோல்ட் பாதை. அங்கிருந்த இரு இணைகளில் ஒன்று, உயர்ந்த அழுத்தத்திற்கு மாற்றும் வேலைக்காக முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. பாரம் முழுவதும் மற்றதன்மேல் விழ, அதுவும் துண்டித்துக்கொண்டது. மாநிலங்கள் சில தம் பங்கிற்கு மேல் மின்சாரத்தை இழுத்ததும் இதற்குக் காரணம். தெற்கு வலையமைப்பு அந்நாளில் மற்றவற்றோடு ஒத்தியங்கும்படி இணைக்கப்படாமையால் நாம் தப்பினோம். ராய்ச்சூர், சோலாப்பூர் பாதை வழியாக நாம் இணைந்தது 2013 டிசம்பர் 31-ஆம் நாள். ஒரு பாதை நின்ற சில மணிநேரம், ஆண்டுச் சராசரியில் ஒரு புள்ளிக்கும் கீழே. அந்தப் புள்ளிக்குள் ஒரு நாடே இருண்டது.

அளப்பவன் எதை அளக்கிறானோ, அளக்கப்படுகிறவன் அதையே கவனிப்பான். இது மனித இயல்பு. 1862-இல் இங்கிலாந்தில், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் பிள்ளைகள் தேறும் அளவிற்கேற்பப் பள்ளிகளுக்கு மானியம் என்று விதித்தார்கள். பிள்ளைகள் புத்தகத்தைப் படிக்கக் கற்காமல் ஒப்பிக்கக் கற்றார்கள். பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு தம் அறிக்கைகளில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அம்முறை ஒழிந்தது.

அது வேற்று நாட்டுப் பழங்கதை என்று நான் ஒதுங்கிக்கொள்ள இயலவில்லை. நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், என் பள்ளி அளக்கப்பட்டது ஒரே ஓர் எண்ணால்: பத்தாம் வகுப்பின் தேர்ச்சி விழுக்காடு. ஓராண்டு அது 100 ஆயிற்று. மேலிடத்திலிருந்து பாராட்டிதழ் வந்தது. அதைச் சட்டமிட்டு என் அறையில் மாட்டினேன். அந்த நூற்றுக்கு நூறு எவ்வாறு கிடைத்தது என்பதை நான் அறிவேன். முந்திய ஆண்டில், தேறமாட்டார்கள் என்று தோன்றிய ஐந்து பேரை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்தி வைத்தேன். அடித்தளம் உறுதியாகட்டும் என்று பெற்றோரிடம் சொன்னேன். ஐவரில் இருவர் மறுபடி பள்ளிக்கு வரவில்லை. அவர்களில் ஒருவனுடைய தாயார், அவனை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி என்னிடம் வந்து கேட்கவும் இல்லை. தலைமையாசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போய்விட்டார். அந்த ஐந்து பெயர்களுக்கும் பாராட்டிதழில் இடமில்லை. என் பள்ளியின் அளவுகோல் பொய் சொல்லவில்லை; நான் அதற்குக் காட்ட விரும்பியதை மட்டும் அது கண்டது.

இதனால் அளப்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அளவில்லாத இடத்தில் சோம்பலும் ஊதாரித்தனமும் வளரும். அவற்றின் விலையைக் கொடுப்பவர் ஒற்றை விளக்கு எரியும் குடிசையில் இருப்பவரும்தாம். அளக்கத்தான் வேண்டும். ஆனால் மூன்று நெறிகளைக் கைவிடலாகாது. ஒற்றை எண்ணை நம்பாமல், செலவு, ஆயத்தம், பழுதுபார்ப்பு, தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். நிறுவனத்தின் கைக்கு எட்டாத மலையையும் காற்றையும் கணக்கிலிருந்து நீக்குதல் வேண்டும். முடிவில், மதிப்பெண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் கேள்வியாகக் கொள்ளுதல் வேண்டும். 80 என்று கணக்கு சொன்னால், மீதி 20 எங்கே போயிற்று என்று நேரிற் சென்று பார்க்க வேண்டும். அது வீணாகவும் இருக்கலாம். ஒரு கோணக் கோபுரத்தின் அடித்தளமாகவும் இருக்கலாம்.

இதில் நமக்கும் பங்குண்டு. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி, கட்டண விண்ணப்பங்களைப் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும். அவர்களுடைய கருத்துகளையும் மறுப்புகளையும் ஆணையம் கருதிப் பார்த்த பின்னரே ஆணை பிறப்பிக்க வேண்டும். அடுத்த முறை அத்தகைய அறிவிப்பு நாளிதழில் வரும்போது அதைத் தள்ளிவிடாமல் படியுங்கள். செலவு எவ்வளவு குறைந்தது என்று மட்டும் கேளாதீர்கள். எந்தப் பழுதுபார்ப்பு ஒத்திவைக்கப்பட்டது, எது கணக்கிற்கு வெளியே நிறுத்தப்பட்டது என்றும் கேளுங்கள்.

அன்று என்னிடம் எவரேனும் அப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்த ஐந்து பிள்ளைகளும் தேர்வு எழுதியிருப்பார்கள். விழுக்காடு சற்றுக் குறைந்திருக்கும். பள்ளி இன்னும் சற்று நல்ல பள்ளியாக இருந்திருக்கும்.